வெப்சைட்டை எதில் கட்டுவது? வடசென்னைக் கடைக்கும் கிளப்புக்கும் ஓர் ஒப்பீடு

"வெப்சைட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சாஃப்ட்வேரைப் பற்றிப் பேசுவதில்லை. பக்கத்தில் இருப்பதை யார் மாற்றுவார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை, கம்ப்யூட்டரிலா போனிலா என்று கேட்பேன். பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபியோடு வெப்சைட் வேலையும் பார்ப்பதால் வருகிறவர்கள் பலவிதம். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்காரர் வருவார், தண்டையார்பேட்டை டியூஷன் சென்டர் அக்கா வருவார், காசிமேட்டில் படகு எஞ்சினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்பவர் வருவார், கேரம் கிளப் பையன்கள் வருவார்கள். இத்தனை பேருக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுப்பவர் ஒன்று அதை விற்பவராக இருப்பார், இல்லை அவருக்குத் தெரிந்தது அது மட்டுமாக இருக்கும்.

இரண்டாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை நானாகச் சொன்னால்தான் உண்டு, யாரும் கேட்பதில்லை. அந்த மென்பொருளை நடத்துகிறவர்கள் நாளை அதை நிறுத்திவிட்டால் உங்கள் பக்கம் என்ன ஆகும்?

இது கற்பனைக் கவலை இல்லை. மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு கூகுள் இலவசமாக ஒரு சின்ன வெப்சைட் கொடுத்துவந்தது. முகவரி 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும். 2024 மார்ச்சில் அந்த வசதியை மொத்தமாக நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் அந்த முகவரியை அடித்தால் கடையின் மேப் பக்கத்துக்குப் போனது, ஜூன் 10-க்கு அப்புறம் அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டு, பில் புக், ஷட்டர் என்று எல்லா இடத்திலும் அந்த முகவரியைப் போட்டவர்கள் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அச்சுத் தொழிலுக்கு லாபம்தான், இருந்தாலும் சந்தோஷப்பட முடியவில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. பிராக்கெட்ஸ் என்று ஒரு எடிட்டர், அதாவது பக்கத்தைக் கையால் எழுதும் மென்பொருள், இருந்தது. அடோபி அதைக் கைவிட்டது 2021 செப்டம்பரில். ஆட்டம் என்று இன்னொன்று, கிட்ஹப் நிறுவனத்துடையது. 2022 டிசம்பரில் அதற்கும் மூடுவிழா. இரண்டிலும் பக்கம் எழுதியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள், ஒருவருடைய பக்கமும் காணாமல் போகவில்லை. எடிட்டரில் எழுதுவது எச்டிஎம்எல், அதாவது பக்கத்தில் எது எங்கே வரும் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிமொழி. அந்த ஃபைல் வெறும் எழுத்துதான். ஆட்டம் எடிட்டரில் எழுதியதை நோட்பேடில் திறக்கலாம், வேறு எதில் வேண்டுமானாலும் தொடரலாம். சேவை செத்தால் பக்கமும் கூடவே போகும், எடிட்டர் செத்தால் ஒன்றும் ஆகாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பாதி இந்த வித்தியாசத்திலேயே முடிந்துவிடுகிறது.

நடுவில் ஒரு ரகம் உண்டு. மைக்ரோசாஃப்ட் 1996-இல் விலைக்கு வாங்கிய ஃப்ரன்ட்பேஜ் என்ற பக்கம் கட்டும் மென்பொருள் ஞாபகம் இருக்கலாம். ஃபைல் நம் கையில்தான் இருக்கும். ஆனால் அதில் போட்ட ஃபாரமும் வந்தவர்களை எண்ணும் கவுன்டரும் வேலை செய்ய, பக்கத்தை இணையத்தில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரான சர்வரில் அதற்கென்று ஒரு தனி இணைப்பு வேண்டும். 2003 பதிப்போடு அந்த மென்பொருள் நின்றது. சர்வர்காரர்கள் அந்த இணைப்பை எடுத்ததும் ஃபாரம் படுத்துக்கொண்டது. ஃபைல் கையில் இருக்கிறது என்பதால் மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, இன்று கையில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

கையால் எழுதுவதற்கு இரண்டு கருவி போதும், இரண்டும் இலவசம். நோட்பேட் பிளஸ் பிளஸ் 2003-இலிருந்து இருக்கிறது. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பழைய, நினைவகம் குறைந்த கம்ப்யூட்டரிலும் சட்டென்று திறக்கும். விஎஸ் கோட் மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்டது. கனம் கொஞ்சம் அதிகம், ஆனால் புதிதாகக் கற்பவருக்கு இதைத்தான் சொல்வேன். ஆச்சரியக்குறி ஒன்றை அடித்து டேப் தட்டினால் பக்கத்தின் எலும்புக்கூடு முழுதும் வந்து உட்காரும். லைவ் சர்வர் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொண்டால் இந்தப் பக்கம் எழுதிச் சேமித்ததும் அந்தப் பக்கம் பிரவுசரில் மாறும். எல்லாவற்றையும்விட, ஒரு ஃபோல்டரில் உள்ள அத்தனை ஃபைலிலும் பழைய போன் நம்பரைத் தேடிப் புதியதை ஒரே தட்டில் மாற்றிவிடலாம். பத்துப் பக்க வெப்சைட்டுக்கு இந்த ஒரு வசதியே பெரிது.

தமிழ்ப் பக்கத்துக்குக் கையால் எழுதும் வழியில் ஒரு கண்ணி உண்டு. விண்டோஸின் சாதாரண நோட்பேட், எல்லா மொழி எழுத்தையும் காக்கும் யூடிஎஃப்-8 முறையில் தானாகச் சேமிக்கத் தொடங்கியது 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய கம்ப்யூட்டரில் கவனிக்காமல் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும், திரும்பி வராது. நம் பேட்டையில் அந்தக் காலத்து கம்ப்யூட்டர்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. நோட்பேட் பிளஸ் பிளஸில் என்கோடிங் என்று தனி மெனுவே இருப்பதால் ஃபைல் எந்த முறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய தொல்லை எங்கள் டிடிபி தொழிலிலிருந்தே வருகிறது. கடைக்காரர் பழைய நோட்டீஸின் ஃபைலைக் கொண்டுவந்து "இதை அப்படியே போட்டுடுங்க" என்பார். அது பாமினியிலோ வேறு பழைய ஃபான்டிலோ அடித்திருக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி. வெப்சைட்டில் ஒட்டினால் முகமூடி கழன்று ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010-இல். ஆனாலும் கல்யாணப் பத்திரிகை உலகத்தில் பழைய ஃபான்ட்தான் இன்னும் ராஜா. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள், ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும். இந்த வேலைக்கு விஎஸ் கோட், பின்னால் பார்க்கப்போகும் வேர்ட்பிரஸ், விக்ஸ் எதுவும் உதவாது. எந்த மென்பொருளை எடுத்தாலும் முதலில் இதை முடித்தாக வேண்டும்.

இன்று சாட்ஜிபிடியிடம் கேட்டாலே ஒரு பக்கத்துக்கான எச்டிஎம்எல் கிடைக்கிறது. அதனால் கையால் எழுதும் வழி முன்பு இருந்த அளவுக்குப் பயமுறுத்துவது இல்லை. ஆனால் கிடைத்ததை எங்கே ஒட்டுவது, ஒரு வரி தப்பினால் எங்கே தேடுவது என்று தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆள் இருந்தால், எழுதியதை, பக்கங்களை இணையத்தில் வைத்துக்கொள்ளும் கிட்ஹப் பேஜஸிலோ கிளவுட்ஃபிளேர் பேஜஸிலோ காசில்லாமல் ஏற்றிவிடலாம். கிட்ஹப்பில் பிரவுசரிலேயே பென்சில் படத்தைத் தொட்டு ஒரு வரியைத் திருத்த முடியும், அவசரத்துக்குப் போனிலும் செய்யலாம். ஆன்லைன் விற்பனைக்கு மட்டும் கிட்ஹப் பேஜஸைப் பயன்படுத்தாதீர்கள். அவர்கள் விதியே அதை அனுமதிப்பதில்லை.

அடுத்து, பக்கத்தைக் கண்ணால் பார்த்தபடியே கட்டும் டிரீம்வீவர். 1997-இல் மேக்ரோமீடியா கொண்டுவந்தது, 2005-இல் அந்தக் கம்பெனியையே அடோபி வாங்கியது. ஒருகாலத்தில் வெப்சைட் கோர்ஸ் என்றாலே இதுதான் என்பதால் நாற்பது வயதைத் தாண்டிய டிசைனர்களுக்கு இதன்மேல் பாசம் அதிகம். ஒரு டெம்ப்ளேட் வைத்து, தலைப்பகுதியை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சந்தா கட்டித்தான் பயன்படுத்த வேண்டும், சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். ஃபைல்கள் உங்களோடு இருக்கும் என்பது ஆறுதல்.

அந்த ஆறுதலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பக்கம் தண்ணீர் வடியாமல் நின்றபோது, தெரிந்தவர் ஒருவரின் தரைத்தளக் கடையில் சிபியு மூழ்கிவிட்டது. வெப்சைட் என்னவோ சர்வரில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் டெம்ப்ளேட் ஃபைல், சர்வருக்குள் நுழையும் பாஸ்வேர்டு, லோகோவின் மூலப்படம் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன. சர்வரில் இருந்தது முடிந்த பக்கங்கள் மட்டும், அவற்றை வார்த்த அச்சு போய்விட்டது. டிரீம்வீவரைக் குற்றம் சொல்ல முடியாது. விஎஸ் கோடிலும் இதே நடக்கும். ஒரே கம்ப்யூட்டரை நம்பி வேலை செய்யும் எந்த வழிக்கும், கூகுள் டிரைவிலாவது கிட்ஹப்பிலாவது இன்னொரு பிரதி இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் டிரீம்வீவருக்குக் காசு செலவழிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஏற்கெனவே அடோபியின் எல்லா மென்பொருளுக்கும் சேர்த்துச் சந்தா கட்டும் டிசைன் கடை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வேர்ட்பிரஸ்ஸை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் வருகிறார்கள். சர்வரில் நிறுவிவிட்டு, பிரவுசரிலிருந்தே பக்கங்களை எழுதி மாற்றும் மென்பொருள் இது. 2003 மே மாதம் பிறந்தது. இன்று உலக வெப்சைட்டுகளில் பத்துக்கு நான்குக்கும் மேல் இதில் ஓடுகின்றன. மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங்கும் (சர்வரில் இடத்துக்கு வாடகை) டொமைனும் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) காசு. முதல் வருஷ ஹோஸ்டிங் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், இரண்டாம் வருஷப் புதுப்பிப்பு விலை பெரும்பாலும் அதைவிட அதிகம். அந்த விலையைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். 'வேர்ட்பிரஸ் டாட் காம்' என்பது ஒரு கம்பெனி நடத்தும் சேவை, 'வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்' என்பது நீங்கள் இறக்கி எந்த சர்வரிலும் நிறுவக்கூடிய மென்பொருள். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். நான் இங்கே பேசுவது இரண்டாவதை.

இதன் பலம், விஷயத்தை மாற்ற எச்டிஎம்எல் தெரிய வேண்டாம். 2018 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து எல்லாம் பிளாக் கணக்கு. பத்தி ஒரு பிளாக், படம் ஒரு பிளாக், பட்டன் ஒரு பிளாக். போனில் ஆப் இருக்கிறது. கடைப் பையனுக்கு பக்கங்களைத் திருத்தும் 'எடிட்டர்' அளவு அனுமதி மட்டும் கொடுத்துவிட்டு, அட்மின் சாவியை முதலாளி வைத்துக்கொள்ளலாம். சர்வரை மாற்ற நினைத்தால் எழுதியவை இருக்கும் டேட்டாபேஸையும் படங்கள் இருக்கும் ஃபோல்டரையும் எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குக் குடிபோகலாம். என் இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் இது.

பலவீனம், பராமரிப்பு. வேர்ட்பிரஸ், தோற்றத்தைத் தரும் தீம், கூடுதல் வசதி சேர்க்கும் பிளக்-இன் மூன்றையும் அவ்வப்போது அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் பழைய பிளக்-இன்னின் ஓட்டை வழியாக யாரோ நுழைந்து, உங்கள் துணிக்கடை முகவரியில் சூதாட்ட விளம்பரம் போட்டுவிடுவார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றைத் திருட்டுப் பிரதியாக 'ஃப்ரீயாப் போட்டுத் தர்றேன்' என்று வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உள்ளே என்ன நஞ்சு வைத்திருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தாலும் நமக்குத் தெரியாது. இன்னொன்று, பக்கத்தை இழுத்துப்போட்டு அமைக்கச் சேர்க்கும் பேஜ் பில்டர்கள். டபிள்யூபி பேக்கரி போன்றவற்றில் கட்டிவிட்டுப் பிறகு அதை நீக்கினால், பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குள் குறியீடுகள் கிடக்கும், நடுநடுவே உங்கள் வாக்கியங்கள் தெரியும். கூடவே வரும் பிளாக் எடிட்டரே ஒரு கடைக்குப் போதும்.

தமிழில் எழுதுபவருக்கு வேர்ட்பிரஸ்ஸில் ஒரு தனிச் சிக்கல். ஒரு பக்கத்துக்கு 'ஆடித் தள்ளுபடி பட்டுப்புடவைகள்' என்று தலைப்பு வைக்கிறீர்கள். பக்கத்தின் முகவரியும் அதே தமிழில் தானாக உருவாகும். பிரவுசரில் பார்க்க அழகாக இருக்கும். அதை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு ரயில் வரும். காரணம் இதுதான்: ஒரு தமிழ்க் குறி யூடிஎஃப்-8-இல் 3 பைட், முகவரியில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரிகிறது, ஆக ஒரு குறிக்கு 9. 'பு' என்பது பகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு, அதற்கு 18. வேர்ட்பிரஸ் முகவரியின் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மேலே உள்ள தலைப்பு 'ஆடித் தள்ளுபடி பட்டுப்பு' என்பதோடு அறுந்துவிடும். புடவைக்கு டவை இல்லை. தீர்வு சுலபம். வெளியிடுமுன் முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் 'ஆடி சேல்' என்று சுருக்கமாக நீங்களே அடித்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் முன்பே பகிர்ந்த லிங்க்குகள் தடுமாறலாம்.

இனி இழுத்துப்போட்டுக் கட்டும் சேவைகள். விக்ஸ் 2006-இல் தொடங்கிய இஸ்ரேல் நிறுவனம். இழுத்து வைத்தால் அங்கேயே உட்காரும், அந்த சுகத்துக்கு ஈடு இல்லை. இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் இருக்கும், சொந்த டொமைனை இணைக்க முடியாது. என் கண்ணில் பெரிய குறை, கட்டிய வெப்சைட்டை எடுத்துக்கொண்டு வேறு சர்வருக்குப் போக வழியில்லை. வாடகை கட்டும்வரைதான் வீடு. தமிழ் எழுத்துரு விஷயத்தில் இன்னொரு சோதனை. டெம்ப்ளேட்டில் பார்த்து ஆசைப்பட்ட ஃபான்டில் தமிழ் எழுத்து இருக்காது, ஒவ்வொரு போனும் தன்னிடம் இருக்கும் தமிழைக் காட்டும். 'கான்டாக்ட்' என்ற சொல்லுக்கு வரைந்த பட்டனில் 'தொடர்புகொள்ளுங்கள்' நுழையாமல் இரண்டு வரியாக மடியும். டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் சொந்தத் தமிழ்ப் பத்தி ஒன்றை ஒட்டி, போனில் பார்த்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். வேர்ட்பிரஸ்ஸிலும் கையால் எழுதும் பக்கத்திலும் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கூகுள் சைட்ஸை ஆட்கள் மதிப்பதில்லை, ஆனால் சில வேலைக்கு அதுபோல ஒன்று கிடையாது. காசில்லை, விளம்பரமில்லை, சொந்த டொமைனையும் இணைக்கலாம். அலங்காரத்துக்கு இடம் குறைவு, அதனால் கோணல்மாணலாக ஆக்கவும் வழி குறைவு. நம் ஊர் ஃபிளெக்ஸ் டிசைன் ரசனையில், நாலு மூலையிலும் தலைகளை ஒட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு நல்லது. தோற்றம் மாறாமல் வெளியே எடுத்துப் போக முடியாது என்ற குறை இங்கேயும் உண்டு, பழைய கூகுள் சைட்ஸையே மூடிப் புதியதற்கு மாற்றச் சொன்னவர்கள்தான் அவர்கள்.

இப்போது ஆளுக்கு ஆள் பார்க்கலாம்.

கேரம் கிளப்புக்கு நான் கூகுள் சைட்ஸ்தான் சொல்கிறேன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், ஆகவே கிளப்புகளுக்கு இங்கே பஞ்சமில்லை. கிளப் பக்கத்தில் மாறுவது போட்டி அட்டவணையும் முடிவும். அதை ஒரு கூகுள் ஷீட்டாக வைத்து பக்கத்தில் பதித்துவிட்டால், போர்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பையன் போனிலிருந்து ஷீட்டில் ஸ்கோரைப் போட்டாலே போதும், பக்கத்தைத் தொட வேண்டாம். செயலாளர் மாறினால் புதியவருக்கு அனுமதி கொடுத்துப் பழையவரை நீக்கலாம். ஒரு நாள் சேவை நின்றால்கூட ஷீட் கையில் இருக்கும், இழப்பு சின்னது.

டியூஷன் சென்டருக்கும் கிட்டத்தட்ட இதே. கட்டணம், நேரம், எந்த வகுப்பு, ஒரு கூகுள் ஃபாரம். தயவுசெய்து எல்லாவற்றையும் ஒரே போஸ்டர் படமாக ஏற்றாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி கூகுள் தேடலில் வரலாம் என்று காத்திருக்க முடியாது, போனில் பெற்றோர் விரலால் பெரிதாக்கி நகர்த்தி நகர்த்திப் படிக்கவும் வேண்டியிருக்கும்.

காசிமேட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வேர்ட்பிரஸ் வீண் சுமை. அவர் பக்கம் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில். எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்பதும் அப்போதுதான். அதற்குச் சற்று முன்னால் எந்தெந்த பாகம் கையிருப்பில் இருக்கிறது என்று பட்டியலைப் புதுப்பித்தால் போதும். விஎஸ் கோடில் எழுதிய ஒற்றைப் பக்கம், இலவச ஹோஸ்டிங், சொந்த டொமைன், பெரிய எழுத்தில் போன் நம்பர். அப்டேட் செய்ய ஒன்றுமில்லாததால் ஹேக் செய்யவும் அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வருஷத்துக்கு ஒருமுறை என்னைப் போல யாராவது வந்து மாற்றிக் கொடுக்கலாம். ஏலக்கூடத்து மீன் விலையைப் போட வெப்சைட் வேண்டும் என்றும் ஒருவர் கேட்டார். அதற்கு வாட்ஸ்அப் குரூப்பே அதிகம்.

துணிக்கடைதான் இழுபறி. சரக்கு வாரத்துக்கு வாரம் மாறுகிறது, ரம்ஜானுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. கடைக்கு வந்து வாங்குபவர்களே வாடிக்கை என்றால் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப் கேட்லாகும் போதும், கடை நேரமும் வழியும் சொல்ல கூகுள் மேப்பில் சரியான பதிவு போதும். வெளியூருக்குப் பார்சல் அனுப்பிப் பணத்தை ஆன்லைனில் வாங்க வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ்ஸும், அதில் விற்பனைக்கென்று சேர்க்கும் வூகாமர்ஸும். ஆனால் படம் எடுத்து, அளவும் நிறமும் அடித்து, விற்றுப்போனதை அன்றைக்கே நீக்க ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்கத் தயாரா என்று கேட்பேன். "நம்ம பையன் பாத்துப்பான்" என்றால், பையன் இப்போதே கடையில் எத்தனை வேலை பார்க்கிறான் என்று கேட்பேன். பாதிப் பேர் அத்தோடு இன்ஸ்டாகிராமுக்குத் திரும்பிவிடுகிறார்கள், அது சரியான முடிவுதான். ஆள் வைப்பவர்களுக்கு மட்டும் வேர்ட்பிரஸ் போட்டுக் கொடுக்கிறேன், அப்டேட்டுக்கு வருஷக் கட்டணம் தனி என்று முதல் நாளே சொல்லிவிட்டு.

எதை எடுத்தாலும் டொமைனை உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். செய்து கொடுப்பவர் தன் கணக்கில் வாங்கிவைத்திருந்தால், அவர் ஊரை விட்டுப் போன அன்று கடைப் பெயரும் அவரோடு போய்விடும். 'டாட் இன்' போதும். தமிழிலேயே 'டாட் இந்தியா' கிடைக்கும், ஆசைக்கு அதையும் வாங்கி இதற்குத் திருப்பிவிடலாம். புதுப்பிக்கும் தேதிக்கு முன் வரும் எச்சரிக்கை இமெயில், பில்லிங்குக்கென்று திறந்துவிட்டு யாரும் பார்க்காத முகவரிக்குப் போகாமல், தினமும் திறக்கும் முகவரிக்கு வரும்படி வையுங்கள்.